கண்ணில் பீளை தள்ளுகிறதா? ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் என்று மூக்கையூர் வரைக்கும் நம் கரையில் கண் உறுத்தாத நாள் குறைவு. காற்று, உப்பு, மணல், தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெயில். அதனால் கண்ணில் பீளை தள்ளினாலும் "காத்துதான், ரெண்டு நாள்ல சரியாப் போயிரும்" என்று இருந்துவிடுகிறோம். பெரும்பாலான கண்கள் அப்படியே சரியாகியும் விடுகின்றன. சரியாகாத கண்களை முதல் நாளே அடையாளம் கண்டுகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கேள்வி பதில். பீளை எவ்வளவு வருகிறது, என்ன நிறம் என்பதைவிட, வலி இருக்கிறதா, வெளிச்சம் கூசுகிறதா, பார்வை மங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கண்ணைக் காப்பாற்றுவதும் கைவிடுவதும் இந்த மூன்றையும் நாம் எவ்வளவு சீக்கிரம் கவனிக்கிறோம் என்பதில் இருக்கிறது.

காலையில் எழுந்ததும் கண் ஓரத்தில் கொஞ்சம் பீளை இருக்கிறது. இது நோயா?

இல்லை. கண்ணீர், சளி, இமையில் சுரக்கும் எண்ணெய், உதிர்ந்த தோல் துகள் எல்லாம் சேர்ந்ததுதான் பீளை. விழித்திருக்கும்போது கண் சிமிட்டிச் சிமிட்டி அதைக் கழுவிவிடுகிறோம். தூக்கத்தில் சிமிட்டல் இல்லாததால் ஓரத்தில் சேர்கிறது. முகம் கழுவியதும் போய்விட்டு, பகலில் திரும்ப வராமல், கண்ணும் வெள்ளையாக இருந்தால் கவலை வேண்டாம்.

"கண்ணு ஒட்டிக்கிட்டுத் தொறக்கவே மாட்டேங்குது." முதலில் என்ன செய்வது?

பிய்த்துத் திறக்காதீர்கள். இமை முடியும் தோலும் சேர்ந்து வரும். பிள்ளைகளுக்கு அந்த வலியே பெரிய பயமாகிவிடும்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கொதிக்க வைத்து ஆற வைத்த தண்ணீரில் சுத்தமான பஞ்சையோ, வெந்நீரில் அலசிய மெல்லிய வெள்ளைத் துணியையோ நனைத்து, மூடிய இமைமேல் இரண்டு மூன்று நிமிடம் வையுங்கள். காய்ந்த பீளை ஊறி இளகிவிடும். பிறகு மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கமாக ஒரே இழுப்பாகத் துடையுங்கள். ஒரு முறை துடைத்த பஞ்சைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. ஒரு கண்ணுக்கு எடுத்த துணி அடுத்த கண்ணுக்கு ஆகாது. முடிந்ததும் மறுபடி கை கழுவுங்கள். பகலில் எத்தனை முறை பீளை சேர்ந்தாலும் இதேதான்.

தண்ணீரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் நல்ல தண்ணீருக்கு எவ்வளவு பாடு என்று தெரிந்தேதான் சொல்கிறேன். மணலில் தோண்டிய ஊற்றுத் தண்ணீர், லாரித் தண்ணீர், காவிரிக் குழாய்த் தண்ணீர் எதுவானாலும் கொதிக்க வைத்து ஆற்றினால் இதற்குப் போதும். ஒரு சொம்பு இருந்தால் ஒரு நாளைக்குத் தாராளம். உப்புக் கிணற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் வேண்டாம். "உப்புத் தண்ணி கிருமியைக் கொல்லும்" என்று கடலில் போய்க் கண்ணைக் கழுவுகிறவர்கள் இருக்கிறார்கள். புண்பட்ட கண்ணுக்கு அது எரிச்சலைத்தான் கூட்டும்.

இது மெட்ராஸ் ஐயா, வேறு எதுவுமா?

வீட்டில் பார்த்துத் துல்லியமாகச் சொல்ல முடியாது. மருத்துவருக்கே சில நேரம் குழப்பம் வரும். ஆனாலும் சில அடையாளங்கள் இருக்கின்றன.

வைரஸால் வருவதுதான் நாம் மெட்ராஸ் ஐ என்று சொல்வது. கண் செக்கச் சிவந்து, தண்ணீராகக் கொட்டும். மணல் விழுந்ததுபோல் உறுத்தும். ஒரு கண்ணில் தொடங்கி ஓரிரு நாளில் அடுத்த கண்ணுக்கும் போகும். சளி, தொண்டை வலி சேர்ந்து வரலாம், காதுக்கு முன்னால் நெறி கட்டலாம். ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்தில், சிலருக்கு மூன்று வாரத்தில் தானாக அடங்கும். ஆண்டிபயாடிக் இதற்கு வேலை செய்யாது. ஈரத் துணி ஒத்தடமும் பொறுமையும்தான் மருந்து.

பாக்டீரியாவால் வந்தால் மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டியான சீழ் வரும். துடைக்கத் துடைக்கச் சேரும். காலையில் இமை இறுக ஒட்டிக்கொள்ளும். இதிலும் பல கண்கள் ஒரு வாரம் பத்து நாளில் தானாகத் தேறிவிடும். மருத்துவர் தரும் சொட்டு மருந்து அதைச் சீக்கிரமாக்கும், அடுத்தவருக்குப் பரவுவதையும் குறைக்கும்.

இரண்டு கண்ணும் அரி அரியென்று அரித்து, வெள்ளையாக நூல் நூலாகப் பீளை வந்தால் அலர்ஜியாக இருக்கலாம். பத்து வயதுப் பையன்கள் ஓயாமல் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருப்பது பெரும்பாலும் இதனால்தான். இது ஒட்டாது. ஆனால் விடாமல் கசக்கினால் கருவிழியே கெட்டுப்போகும், ஆகவே மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும்.

இமை ஓரத்தில் பொடுகுபோல் படிந்து தினமும் காலையில் பிசுபிசுப்பது இமை அழற்சி. வெதுவெதுப்பான ஒத்தடமும் இமை ஓரத்தைத் தினமும் துடைப்பதும் பழக்கமாக வேண்டும்.

எந்தக் கண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு இருக்கக் கூடாது?

கீழே உள்ளதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். விடியட்டும் என்றோ, ஞாயிற்றுக்கிழமை கழியட்டும் என்றோ இருக்க வேண்டாம்.

- உறுத்தலோடு நிற்காமல் கண்ணுக்குள் குத்துவதுபோல் வலிப்பது
- வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வது
- பீளையைத் துடைத்த பிறகும் பார்வை மங்கலாகவே இருப்பது
- கருவிழியில் வெள்ளையாகப் புள்ளியோ படலமோ தெரிவது
- இமை வீங்கிச் சிவந்து காய்ச்சலும் சேர்வது, கண் முன்னால் தள்ளியதுபோல் இருப்பது, கண்ணை அசைத்தால் வலிப்பது
- துடைத்த சில நிமிடங்களிலேயே சீழ் மறுபடி நிறைவது
- முள், ஓலை, மீன் செதில், வலைக் கயிறு, இரும்புத் தூள் எதுவாவது பட்ட கண்ணில் பீளை வருவது
- காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவருக்குக் கண் சிவப்பது
- கண் அறுவை சிகிச்சை செய்த கண்
- பிறந்து 28 நாளுக்குள் இருக்கும் பிள்ளை

இவை எதுவும் இல்லாமல் வெறும் பீளையும் சிவப்புமாக இருந்தால் இரண்டு மூன்று நாள் சுத்தம் செய்து பார்க்கலாம். குறையாமல் கூடிக்கொண்டே போனால் காட்டிவிடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அந்த மூன்று நாளும் காத்திருக்க வேண்டாம் என்பது என் கருத்து.

பார்வை மங்கியிருக்கிறதா என்று கண்டுபிடிக்க எளிய வழி: ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு சுவரில் இருக்கும் காலண்டர் தேதியைப் படியுங்கள். பிறகு அடுத்த கண். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது நல்ல கண் கெட்ட கண்ணை மறைத்துவிடும். பல பேர் வாரக்கணக்கில் அறியாமலே இருப்பது இதனால்தான்.

விறகு வெட்டும்போது கருவேல முள் கண்ணில் கீறியது. நான்கு நாள் கழித்துப் பீளை வருகிறது. புண் ஆறுகிறது என்று அர்த்தமா?

இல்லை. இந்தக் கேள்விக்குத்தான் மனசு பதறுகிறது.

சீமைக்கருவேலம் வெட்டி மூட்டம் போட்டுக் கரி சுடுவது நம் மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்களுக்குப் பிழைப்பு. முள், பனங்கருக்கு, நெல் தாள், தென்னை ஓலை போன்றவை கருவிழியில் கீறினால் அந்தக் கீறல் வழியாகப் பூஞ்சை உள்ளே இறங்கும். தென் தமிழ்நாட்டில் கருவிழிப் புண்ணுக்குப் பூஞ்சை மிகப் பெரிய காரணம். பட்ட அன்றைக்கு லேசாக உறுத்திவிட்டு அடங்கியதுபோல் இருக்கும். சில நாள் கழித்துச் சிவப்பு, வலி, தண்ணீர், பீளை, கருவிழியில் சாம்பல் வெள்ளையாக ஒரு புள்ளி என்று வளரும். சாதாரண ஆண்டிபயாடிக் சொட்டு பூஞ்சையைத் தொடாது. அதற்கென்று தனி மருந்து, வாரக்கணக்கில், மணிக்கொரு தரம்கூட விட வேண்டியிருக்கும். தாமதித்தால் தழும்பு விழுந்து அந்தக் கண்ணின் பார்வை போகும், கருவிழி மாற்று அறுவை சிகிச்சை வரைக்கும் போகும்.

ஆகவே முள் பட்ட கண்ணை அன்றைக்கே காட்டுங்கள். கண்ணைக் கசக்காதீர்கள், நாக்கால் எடுக்கவோ சேலை முந்தானையை முறுக்கி எடுக்கவோ விடாதீர்கள். மருத்துவரிடம் "முள் பட்டது" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் சிகிச்சையையே மாற்றிவிடும்.

சுண்ணாம்பு தெறித்துவிட்டால்?

கண் நேரடியாக வெந்துபோகும், இதில் கிருமிக்கு வேலை இல்லை. கொதித்த தண்ணீர் தேடிக்கொண்டிருக்காமல், கையில் கிடைக்கும் குடிக்கிற தண்ணீரை அந்த நிமிடமே கண்ணைத் திறந்துபிடித்து ஊற்றுங்கள். குறைந்தது 30 நிமிடம் விடாமல் ஊற்ற வேண்டும். இமைக்குள் ஒட்டியிருக்கும் சுண்ணாம்புத் துணுக்கும் வெளியே வர வேண்டும். பிறகு நேராக மருத்துவமனை. பிளீச்சிங் பவுடருக்கும் இதே முறைதான்.

எங்க அப்பத்தா தாய்ப்பால் விடச் சொல்கிறார். நந்தியாவட்டைப் பூ, சின்ன வெங்காயச் சாறு, விளக்கெண்ணெய், பன்னீர்?

அப்பத்தாவின் அக்கறை பெரியது, அதைப் புண்படுத்த வேண்டாம். ஆனால் கண்ணுக்குள் எதுவும் விடக் கூடாது.

தாய்ப்பால் பிள்ளையின் வயிற்றுக்கு அமுதம். கண்ணில் அது இனிப்பான ஈரம், கிருமி பெருக இடம் கொடுக்கும். பூவிலும் இலையிலும் மண்ணும் பூஞ்சையும் ஒட்டியிருக்கும், தோட்டத்தில் பறித்த பூவைக் கீறல் விழுந்த கண்ணில் பிழிவது முள் குத்தியதற்குச் சமம். வெங்காயச் சாறு கருவிழியைப் பொசுக்கும். கடைப் பன்னீர் கண்ணுக்குள் விடுவதற்குத் தயாரித்தது இல்லை. "எங்களுக்கெல்லாம் சரியாப் போச்சே" என்பார்கள். மெட்ராஸ் ஐ எதையும் விடாமலும் சரியாகும் என்பதுதான் அதற்குக் காரணம்.

அப்பத்தாவுக்கு ஒரு வேலை கொடுங்கள். தண்ணீர் கொதிக்க வைத்து ஒத்தடம் கொடுப்பதை அவரைவிடப் பொறுமையாக யாரும் செய்ய மாட்டார்கள்.

மெடிக்கலில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கிக்கொள்ளலாமா? போன வருஷ பாட்டில் பாதி மீதி இருக்கிறது.

இரண்டுமே வேண்டாம்.

கடையில் கொடுக்கும் சொட்டு மருந்துகளில் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். டெக்ஸாமெதசோன், பீட்டாமெதசோன், பிரெட்னிசோலோன் என்ற பெயர்கள் லேபிளில் இருந்தால் அது ஸ்டீராய்டு. விட்டதும் சீக்கிரமே சிவப்பு வெளுத்து, "நல்ல மருந்து" என்று தோன்றும். உள்ளே பூஞ்சைப் புண்ணோ அக்கிப் புண்ணோ இருந்தால் அதே மருந்து அதைப் பலமடங்கு வளர்த்துவிடும். மருத்துவர் பார்க்காமல் மாதக்கணக்கில் விட்டால் கண் நீர் அழுத்த நோயும் கண்புரையும் வரும். மருத்துவர் எழுதிக் கொடுத்து, அவர் சொன்ன நாள் வரைக்கும் விடுவது வேறு விஷயம்.

திறந்த பாட்டிலின் ஆயுள் பொதுவாக ஒரு மாதம். அதன் பிறகு, உள்ளே மருந்து இருந்தாலும், தூக்கிப் போடுங்கள்.

பிறந்து ஐந்து நாள்தான் ஆகிறது. கண் வீங்கிச் சீழாக வருகிறது. பனிக்குடத் தண்ணீர் பட்டதால்தான், தானாகப் போய்விடும் என்கிறார்கள்.

தயவுசெய்து இப்போதே கிளம்புங்கள். பிறந்து 28 நாளுக்குள் கண் சிவந்து, வீங்கி, சீழ் வந்தால் அதை அவசரமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். பிரசவ வழியில் தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றும் சில கிருமிகள் இருக்கின்றன. கொனோரியா, கிளமிடியா என்ற இரண்டும் ஆண் பெண் உறவில் பரவுபவை. கொனோரியா பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் காட்டும். ஓரிரு நாளில் கருவிழியைத் துளைத்துவிடக் கூடியது. கிளமிடியா ஐந்து நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் வரும், கண்ணோடு நுரையீரலையும் தாக்கும். இரண்டுக்கும் வெறும் சொட்டு மருந்து போதாது. உடம்புக்குள் மருந்து போக வேண்டும், தாய்க்கும் தகப்பனுக்கும் சேர்த்துச் சிகிச்சை வேண்டும். தாய்க்கு எந்த அறிகுறியும் இல்லாமலே கிருமி இருந்திருக்கலாம். அதனால் வீட்டில் யாரும் யாரையும் குற்றம் சொல்ல இதில் இடமில்லை.

மூன்று மாதப் பிள்ளை. ஒரு கண் மட்டும் எப்போதும் ஈரமாக, காலையில் பீளையோடு இருக்கிறது. ஆனால் கண் வெள்ளையாகத்தான் இருக்கிறது.

இது அநேகமாகக் கண்ணீர்க் குழாய் அடைப்பு. கண்ணிலிருந்து மூக்குக்குள் இறங்கும் மெல்லிய குழாயின் அடிப்பக்கச் சவ்வு சில பிள்ளைகளுக்குப் பிறக்கும்போது திறந்திருக்காது. பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு ஒரு வயதுக்குள் தானாகத் திறந்துவிடும். அதற்கு உதவியாக ஒரு தடவல் முறை இருக்கிறது. நகத்தை ஒட்ட வெட்டி, கை கழுவி, சுண்டு விரல் நுனியைக் கண்ணின் உள் ஓரத்தில், மூக்கெலும்பு தொடங்கும் இடத்தில் வைத்து, லேசாக அழுத்தியபடி மூக்கோரமாகக் கீழே இறக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஐந்து முதல் பத்து முறை, நாளைக்கு மூன்று நான்கு தடவை. முதல் முறை செவிலியரிடமோ மருத்துவரிடமோ நேரில் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

உள் ஓரம் சிவந்து வீங்கினால் தடவாமல் மருத்துவமனைக்குப் போங்கள். ஒரு வயதைத் தாண்டியும் நிற்காவிட்டால் கண் மருத்துவர் குழாயைத் திறந்துவிடுவார், சிறிய சிகிச்சைதான். கண் பெரிதாகத் தெரிந்து, வெளிச்சத்தைக் கண்டு பிள்ளை முகத்தைத் திருப்பினால் அது அடைப்பு இல்லை, பிறவிக் கண் நீர் அழுத்தமாக இருக்கலாம். காத்திருக்காமல் காட்டுங்கள்.

பிள்ளைக்குக் கண் மை?

கண்ணுக்குள் வேண்டாம். சில மைகளில் ஈயம் இருக்கிறது. திருஷ்டிக்கு என்றால் உள்ளங்காலில் ஒரு பொட்டு வையுங்கள்.

கண் நோவு உள்ளவரைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளுமா?

பார்வையால் ஒட்டாது. கையால், துணியால், தலையணையால் ஒட்டும். நோவு வந்தவர் கண்ணைத் துடைத்த கையால் கதவைத் தொடுகிறார், அந்தக் கதவைத் தொட்ட கை நம் கண்ணுக்குப் போகிறது. கறுப்புக் கண்ணாடி போடுவது கூச்சத்துக்கு நல்லது, ஆனால் அது பரவுவதைத் தடுக்காது. கை கழுவுவதுதான் தடுக்கும்.

நம் ஊர்களில் எங்கெங்கே பரவும் என்று யோசித்துப் பாருங்கள். படகில் நான்கைந்து பேருக்கு ஒரே துண்டு. பாசி எடுக்கக் கடலில் மூழ்கும் அக்காமார்கள் முகத்தில் மாட்டும் கண்ணாடியை இன்னொருவருக்குக் கொடுப்பது. பள்ளிவாசல் ஹவுளில் (தண்ணீர்த் தொட்டியில்) எல்லோரும் ஒரே தண்ணீரில் ஒளுச் செய்வது (தொழுகைக்கு முன் கை, முகம் கழுவுவது). கண் நோவு இருக்கும்போது ஹவுளை விட்டுக் குழாயில் ஒளுச் செய்யலாம். ராமேஸ்வரத்தில் தீர்த்தமாட வந்த கூட்டத்தில் முகத்தைத் துடைத்துக்கொள்ள ஒருவர் துண்டை ஒருவர் வாங்குவது. வீட்டில் ஒருவருக்கு வந்துவிட்டால் அவருக்குத் தனித் துண்டு, தனித் தலையணை உறை. இரண்டையும் வெந்நீரில் அலசி, நம் ஊர் வெயிலில் காய வைத்தால் போதும்.

பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை, கண்ணிலிருந்து தண்ணீரும் பீளையும் வருவது நிற்கும் வரை அனுப்ப வேண்டாம்.

காய்ச்சல், இருமல், மூக்கொழுகலோடு கண் சிவந்து, பிறகு உடம்பில் தடிப்பும் வந்தால் அது தட்டம்மையாக இருக்கலாம். வேப்பிலை கட்டிவிட்டு வீட்டில் வைத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். வாயில் கொடுக்கும் வைட்டமின் ஏ மருந்து அப்போது கண்ணைக் காப்பாற்றும். ஒன்பது மாதத்தில் தட்டம்மைத் தடுப்பூசியோடு தொடங்கி ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை அரசு தருவதும் அதே மருந்துதான்.

கண் நோவோடு கடலுக்குப் போகலாமா?

வெறும் பீளை, சிவப்பு என்றால் உடம்பு கேட்கிறபடி முடிவு செய்யலாம். தனித் துண்டும் கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு பாட்டிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் வலியோ, கூச்சமோ, மங்கலோ இருந்தால் போகாதீர்கள் அண்ணே. இரவில் நடுக்கடலில் கருவிழிப் புண் முற்றினால் கரைக்கு வர எத்தனை மணி நேரம் என்பது உங்களுக்குத்தான் தெரியும். ஒரு நாள் மீன்பாட்டை இழப்பது கஷ்டம்தான். ஒற்றைக் கண்ணோடு வலை இழுப்பது வாழ்நாள் கஷ்டம்.

வெள்ளை விழியிலிருந்து கருவிழி நோக்கி வளரும் சதை கடல் வேலை செய்பவர்களிடம் நிறையப் பார்க்கலாம். வெயிலும் காற்றும் தருவது அது. ஒட்டாது. தொப்பியும் கண்ணாடியும் போட்டால் வளர்ச்சி மட்டுப்படும்.

அம்மாவுக்குப் புரை ஆபரேஷன் ஆகி ஆறு நாள். கண் சிவந்து பீளை வருகிறது.

ஆபரேஷன் செய்த இடத்துக்கு இப்போதே போன் செய்துவிட்டு அன்றைக்கே கூட்டிப் போங்கள். கண்ணுக்குள் தொற்று ஏறியிருந்தால் சில மணி நேரத்திலேயே பார்வை போய்விடலாம். "அடுத்த வாரம் செக்கப் இருக்கு" என்று காத்திருக்கக் கூடாது.

ஆபரேஷன் ஆகாத பெரியவர்களுக்கு, கண்ணின் உள் ஓரத்தில் அழுத்தினால் சீழ் வருகிறது என்றால் கண்ணீர்ப் பையில் தொற்று. நடுத்தர வயதுப் பெண்களுக்கு அதிகம் வரும். சொட்டு மருந்தில் தீராது, அடைப்பைச் சரிசெய்ய வேண்டும். இதைச் சரிசெய்யாமல் புரை ஆபரேஷனும் செய்ய மாட்டார்கள்.

சொட்டு மருந்தை எப்படி விடுவது?

கை கழுவி, அண்ணாந்து, கீழ் இமையை இழுத்தால் ஒரு சிறு குழி வரும். அதில் ஒரு சொட்டு போதும், கூடுதலாக விட்டால் கன்னத்தில்தான் வழியும். பாட்டில் நுனி இமையில் படக் கூடாது. கண்ணை மெதுவாக மூடி ஒரு நிமிடம் இருங்கள். இரண்டு மருந்து இருந்தால் நடுவில் ஐந்து நிமிடம் இடைவெளி. ஒருவர் பாட்டிலை வீட்டில் இன்னொருவர் பயன்படுத்தக் கூடாது.

எங்கே போவது? என்ன கொண்டு போவது?

சாதாரணப் பீளைக்குப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் போதும். மேலே சொன்ன அவசர அடையாளம் இருந்தால் அங்கே நேரம் போக்காமல் அரசு மருத்துவமனையின் கண் பிரிவுக்குப் போங்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவமனை 2022 முதல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக இருக்கிறது. கருவிழிப் புண் முற்றியிருந்தால் மதுரைக்கு அனுப்புவார்கள். அங்கே அரசு ராஜாஜி மருத்துவமனையும், 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும் இருக்கின்றன. மதுரை நூறு கிலோமீட்டருக்கு மேல். அனுப்பினால் அன்றைக்கே புறப்படுங்கள், ஊருக்குத் திரும்பி வந்து யோசிக்க வேண்டாம். எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால் 104க்கு அழைத்துக் கேட்கலாம். வண்டி இல்லாவிட்டால் 108.

இதுவரை கண்ணில் விட்ட எல்லா மருந்து பாட்டிலையும், காலியானதையும் சேர்த்து, எடுத்துப் போங்கள். இலைச்சாறோ தாய்ப்பாலோ விட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். என்றைக்குத் தொடங்கியது, எந்தக் கண், முன்னால் ஏதாவது பட்டதா, சர்க்கரை நோய் உண்டா என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் லென்ஸைக் கழற்றி அதன் டப்பாவோடு கொண்டு போக வேண்டும், கிருமி எது என்று அதிலிருந்தே பரிசோதித்துச் சொல்ல முடியும்.